இளநீரால் கொடுத்த ஞானஸ்நானம்

போன தவசுகாலத்தில் எங்கள் பங்குக்குப் புதிதாக வந்திருக்கும் உபதேசியார் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் முறையாகப் படித்தவர்; நல்ல குரல், நல்ல சுறுசுறுப்பு. கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, "ஐயா, இவ்வளவு காலம் இந்த வேலை பாத்திருக்கிறியள். பேய் பிசாசு ஓட்டின சம்பவம் ஏதும் இருந்தா சொல்லுங்கோவன்" என்றார். அப்படி ஒன்றும் என்னிடம் இல்லை என்றேன். பேய்கள் என்னைக் கண்டு பயந்ததும் இல்லை, நான் அவற்றைத் தேடிப் போனதும் இல்லை. "அப்ப எது உங்களுக்குக் கஷ்டமா இருந்தது?" என்று கேட்டார். "தண்ணி" என்றேன். அவர் சிரித்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்ல நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போனார். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசிக்கட்டும்.

இப்போது பிள்ளைகள் மன்னார் ஆசுபத்திரியில் பிறக்கின்றன. உயிருக்கு ஆபத்தென்றால் அங்கே நிற்கிற கத்தோலிக்கத் தாதி தண்ணீர் ஊற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறார். அது சரியா பிழையா என்று விசாரிக்கிற வேலை உபதேசியாருக்கு இல்லை. என் காலத்தில் அதுதான் முக்கால்வாசி வேலை.

நான் இந்த வேலைக்கு வந்தது தலைமன்னாருக்கு ரெயில் ஓடத் தொடங்கிய நாட்களில். அதற்குமுன் யாழ்ப்பாணத்தில் படிப்பு. அதைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஞானோபதேசத்தைத் தலைகீழாகச் சொல்லப் பழகினேன், பாடப் பழகினேன், காய்ச்சல் வந்தது, மாறியது. பிறகு இந்த மன்னார்க் கரைக்கு அனுப்பினார்கள்.

சுவாமி என்று நாங்கள் அழைத்த எங்கள் பங்குக் குருவானவர் பிரான்சுக்காரர். வங்காலைக்குத் தெற்கே பரந்து கிடந்த பல ஊர்கள் அவர் பொறுப்பில். மாட்டுவண்டியிலும் வள்ளத்திலும் ஒவ்வோர் ஊராகப் போய்வருவார். அவர் இல்லாத நாட்களில் செபம் சொல்லுவது, பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது, சாகக் கிடக்கிறவருக்குப் பக்கத்தில் இருந்து பாவத்துக்கு மனம் வருந்தும் உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் என் பாடு. அவர் வரும்போது பாவசங்கீர்த்தனத்துக்கு ஆட்களை ஆயத்தப்படுத்தி வரிசையில் விடுவதும் நான்தான். சும்மா வேலை என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்ப் பெண்கள் மாமியின் பாவத்தை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் தங்கள் பாவத்துக்கு வருவார்கள். ஆண்கள், "எல்லாரும் செய்யிறதுதான் சுவாமி" என்று ஒரே வசனத்தில் முடித்துக்கொள்வார்கள். சுவாமி ஒருநாள் வெளியே எட்டிப் பார்த்து, "உபதேசியாரே, அவரவர் பாவத்தை மட்டும் கொண்டுவரச் சொல்லும். மற்றவர்களுடையதைத் தாங்க எனக்குப் பலம் இல்லை" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அவர் பகிடி விட்டாரா, கோபித்தாரா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அவருடைய தமிழ், புத்தகத்தில் படித்த தமிழ். மீன் விற்கிற பெண்ணையும் "நீர்" என்றுதான் அழைப்பார். நின்றுகொண்டே கேட்பார். நாங்கள் சொல்லி முடித்த பிறகும் சற்று நேரம் பேசாமல் நிற்பார், இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்பதுபோல. அந்த மௌனம் தாங்காமல் ஆட்கள் மிச்சத்தையும் கொட்டிவிடுவார்கள். நானும் பலமுறை கொட்டியிருக்கிறேன்.

ஆபத்து ஞானஸ்நானம் என்பது இதுதான். பிறந்த பிள்ளை சாகப் போகிறது, குருவானவர் பக்கத்தில் இல்லை என்றால் யாரும் கொடுக்கலாம். ஆண், பெண், ஏன், வேதத்தில் இல்லாதவரும் கொடுக்கலாம். ஆனால் முறை தப்பக்கூடாது. ஆகவே நான் போய் விசாரிப்பேன். ஊற்றியது யார்? சொல்லைச் சொன்னதும் அதே ஆளா? ஊற்றும்போதே சொன்னாரா? தலையில் பட்டு ஓடியதா? என்ன எண்ணத்தோடு ஊற்றினார்? ஒருமுறை மனைவி தண்ணீர் ஊற்ற, புருசன் வாசலில் நின்று சொல்லைச் சொல்லியிருந்தார். பிள்ளைப்பேறு நடக்கிற இடத்துக்குள் ஆம்பிளை வரக்கூடாதாம். இன்னொரு வீட்டில் பிள்ளைக்குக் குளிரும் என்று ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துவிட்டார்கள். பிள்ளை பிழைத்திருந்தால் சுவாமி வந்து, சந்தேகத்தின் பேரில் திரும்பவும் கொடுப்பார். அதில் ஒரு வில்லங்கமும் இல்லை. பிள்ளை செத்துப்போயிருந்தால்தான் வில்லங்கம். ஞானஸ்நானம் செல்லும் என்றால் அந்தப் பிள்ளை மோட்சத்துச் சம்மனசு. மணியடித்து, மந்திரித்த கல்லறைக் காணியான சேமக்காலைக்குள் அடக்கம். செல்லாது என்றால் சென்மப் பாவம் கழுவப்படாத பிள்ளை. மதிலுக்கு வெளியே, கடற்பக்கத்து மணலில், மணியில்லாமல்.

இனி இராயப்புவின் கதைக்கு வருகிறேன்.

இராயப்பு எங்கள் ஊரில் நல்ல கடல் தொழிலாளி. பக்தியான ஆள், ஞாயிறு பூசைக்குத் தப்பமாட்டான். அவன் பெண்சாதி மதலேனம். கலியாணம் முடித்து நெடுங்காலம் பிள்ளை இல்லாமல் இருந்து, மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்து நடந்து போய்வந்த பிறகு வயிற்றில் தங்கிய பிள்ளை அது. பங்குனி மாதம், கடல் சும்மா கிடக்கிற காலம். முசலிக் கரையில் ஓலைக் குடிலாக வாடி போட்டு மீன் பிடிக்கப் போனவர்களோடு மதலேனமும் சமைத்துப்போடப் போயிருந்தாள். இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். பிள்ளை முந்திவிட்டது. பிறந்தபோதே நீலம் பாரித்துப் போயிருந்ததாம்.

பக்கத்து வாடி காசிம் காக்காவுடையது. அவர் சிலாவத்துறைப் பக்கத்து முஸ்லிம் மனிதர், இராயப்புவோடு பழைய பழக்கம்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். அவருடைய வள்ளத்தில்தான் அடுத்த நாள் பின்னேரம் வந்து இறங்கினார்கள். சுவாமியும் அன்று எங்கள் ஊரில் நின்றார். தவசுகாலப் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. நான் கரைக்கு ஓடினேன். மதலேனம் வள்ளத்துக்குள் பாயில் கிடந்தாள். இராயப்பு வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையை நெஞ்சோடு பிடித்திருந்தான். அழவில்லை.

"அழாதை, அழாதை எண்டு இவளுக்குச் சொல்லிக்கொண்டே வாறன், உபதேசியார்," என்றான். "பிள்ளை மோட்சத்தில. நானே என்ர கையால ஞானஸ்நானம் குடுத்தனான். ஒரு சொல்லும் பிசகேல்லை."

கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவனே ஊற்றி, அவனே சொல்லியிருந்தான். சொல்லும் சரி, நேரமும் சரி. தலையில் பட்டு ஓடியிருந்தது. அப்போதும் பிள்ளைக்கு மூச்சு இருந்தது.

"என்ன தண்ணி?" என்றேன்.

"தண்ணியோ? அங்கத்தக் கிணத்தை நீங்கள் பாக்கவேணும். மாடு இறங்கிக் கலக்கி வச்சிருக்கு. கடல்த் தண்ணி எண்டா, நாங்கள் மீன் வெட்டிக் கழுவிற இடம். காசிம் காக்கா தன்ர மண் கூசாவில இருந்து தண்ணி தந்தவர். அவையின்ர தண்ணி கோயில் காரியத்துக்கு எப்பிடி எண்டு நான் வேண்டாமெண்டிட்டன். இவளுக்குக் குடிக்கவெண்டு ஒரு செவ்விளநீர் வச்சிருந்தனான். அதை வெட்டி ஊத்தினனான். ஒருத்தற்ர கையும் படாத தண்ணி, உபதேசியார். சர்வேசுரன் தானே அடைச்சு வச்ச தண்ணி."

இளநீர் செல்லாது. பால், எண்ணெய், பழச்சாறு, இளநீர் எல்லாம் செல்லாது என்று எனக்குப் பாடம். கலங்கிய கிணற்றுத் தண்ணீர் செல்லும். மீன் கழுவிய கடல் செல்லும். காசிம் காக்காவின் கூசாத் தண்ணீர் தாராளமாகச் செல்லும். மூன்றையும் விட்டுவிட்டு அந்த மனிசன் இருந்ததற்குள் சுத்தமானதைத் தேடி எடுத்திருக்கிறான். நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. "சுவாமியிட்டச் சொல்லிப்போட்டு வாறன்" என்றுமட்டும் சொன்னேன்.

சுவாமி பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரத் தொட்டியிலிருந்து எழும்பி வந்து, வழக்கம்போல் நின்றுகொண்டே கேட்டார். "இளநீர், சுவாமி" என்றதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இளநீர் மட்டுமா? தண்ணீர் கலந்திருந்ததா?"

"அது கேக்கேல்லை, சுவாமி."

"அவரைக் கூப்பிடும்."

இராயப்பு பிள்ளையோடு வந்து சுவாமி தங்கும் அறைவீட்டு வாசலில் நின்றான். காசிம் காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு முற்றத்தில் நின்றார். சுவாமி ஒவ்வொன்றாகக் கேட்டார். இளநீரை எதில் வார்த்தீர்? சிரட்டையில், சுவாமி. சிரட்டையைக் கழுவினீரா? அதில் தண்ணீர் கொஞ்சம் தங்கியிருந்ததா? இல்லை சுவாமி, ஈரம் இருக்கக்கூடாதெண்டு வேட்டித் துணியால துடைச்சிட்டுத்தான் வாத்தனான். உம்முடைய கை நனைந்திருந்ததா? கடலில் இருந்து வந்த கையா? இல்லை சுவாமி, கையையும் துடைச்சனான். அதற்கு முன்போ பின்போ வேறு யாராவது பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி ஏதும் சொன்னார்களா? இல்லை சுவாமி.

நான் சுவாமியோடு வேலை செய்த காலத்தில் பல விசாரணைகளைப் பார்த்திருக்கிறேன். உண்மையைப் பிடிப்பதற்காகத்தான் கேட்பார். அன்றைக்கு மட்டும் எங்கேயாவது ஒரு கதவு திறக்காதா என்று கேட்டார். இராயப்பு ஒரு பொய்யும் சொல்லத் தெரியாமல், பெருமையோடு, ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்தான். எனக்கு அவனுடைய வாயைப் பொத்தவேண்டும்போல் இருந்தது.

"நான் என்ர கூசாவக் குடுத்தனான், சுவாமி. வேணாண்டுட்டார்," என்றார் காசிம் காக்கா.

"அது போதுமாயிருந்திருக்கும்," என்றார் சுவாமி.

இராயப்புவுக்கு அப்போதுதான் ஏதோ விளங்கத் தொடங்கியது. "ஏன் சுவாமி? என்ன பிழை?"

"உம்மில் பிழை இல்லை. பிள்ளையிலும் இல்லை. இளநீர் தண்ணீர் அல்ல."

"தண்ணி இல்லாட்டி அது என்ன, சுவாமி?"

"ஒரு காயின் சாறு."

இராயப்பு என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அப்ப என்ர பிள்ளை?"

சுவாமி கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "தண்ணீருக்குக் கட்டுப்பட்டவர்கள் நாங்கள். சர்வேசுரன் கட்டுப்பட்டவர் அல்ல. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது."

"சேமக்காலைக்குள்ள வைக்கலாமோ?"

"முடியாது."

காசிம் காக்காவுக்குப் பொறுக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். சுவாமியைக் கேட்க அவருக்குக் கூச்சம். "என்ன உபதேசியார் இது? ஒரு நாள்கூட உசிரோட இருக்காத புள்ளைக்கு என்ன பாவம்? எங்கட மார்க்கத்தில சின்னப் புள்ளைக்குப் பாவமே இல்லையே." அதற்கு எனக்கு மறுமொழி பாடமாக இருந்தது. ஆதித்தாய் தகப்பனிடமிருந்து வந்த பாவம், அது சென்மத்தோடு ஒட்டியது என்று நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இறந்த பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பொழுது படுமுன் மதிலுக்கு வெளியே வைத்தோம். மணி அடிக்கவில்லை. சுவாமி வந்தார், ஆனால் தோளில் பூசைப் பட்டி இல்லை, தீர்த்தம் இல்லை, கையில் புத்தகம் இல்லை. அவர் அங்கே வரவேண்டும் என்று சட்டம் இல்லை. வெறுந்தலையோடு நின்றார். காசிம் காக்காவும் மண்போட்டார். திரும்பி வந்தபோது மதலேனம் வீட்டுக்குள் கிடந்தபடி, "எந்தப் பக்கம் வச்சனீங்கள்?" என்று என்னைக் கேட்டாள். "கடற்பக்கம், பிள்ளை" என்றேன். அந்தப் பக்கம் என்றால் என்ன என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

அதற்குப் பிறகு இராயப்பு கோயில் வாசலை மிதிக்கவில்லை. மதலேனம் வந்தாள், பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் இருந்தாள், போனாள். அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. வருசத்தில் ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கவேண்டும் என்பது திருச்சபைக் கட்டளை. செய்யாதவரைத் தேடிப்போய்ச் சொல்லுவது என் கடமை. ஒவ்வொரு தவசுகாலமும் இராயப்புவிடம் போவேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பான். மரியாதைக்குக் குறைவில்லை, இருக்கப் பெட்டியைத் தட்டிவிட்டுப் போடுவான்.

"உபதேசியார், நான் குடிச்சு வெறிச்சுக் கோயிலை விட்டனானோ? இல்லை. நல்லது எண்டு பாத்துச் சர்வேசுரனுக்குக் குடுத்தனான். மாடு கலக்கின தண்ணியை வாங்குவார், என்ர இளநீரை வாங்கமாட்டார் எண்டா, அவர்தான் என்னை வேண்டாமெண்டவர். நானில்லை."

"அப்பிடிக் கதைக்காதையும், இராயப்பு."

"வேற எப்பிடிக் கதைக்க? சொல்லித் தாங்கோ, அப்பிடியே கதைக்கிறன்."

நான் எரிச்சலோடு எழும்பி வருவேன். எரிச்சல் அவன்மேல் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

ஞானோபதேச வகுப்பிலும் எனக்குச் சோதனை வந்தது. ஞானஸ்நானம் இல்லாமல் சாகிற பாலர் எங்கே போவார்கள் என்ற கேள்வி வரும். துன்பமும் இல்லாமல், சர்வேசுரனுடைய தரிசனமும் இல்லாமல் ஓரிடத்தில் இருப்பார்கள் என்று பிள்ளைகள் ராகமாகச் சொல்லவேண்டும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெள்ளைத்துணி கண்ணில் வரும். வேதத்தை விட்டுவிடுவேனோ என்று பயம்கூடப் பிடித்தது. பூசையில் நின்று பாடுவேன், உள்ளே ஒன்றும் இல்லை. ஒருநாள் சுவாமியிடம் போய், அந்தக் கேள்வியைக் கேட்க என்னால் ஏலவில்லை என்றேன். அவர் சட்டம் படிப்பிப்பார், கண்டிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த கேள்விக்குப் போம்" என்றார்.

அதே சுவாமி, மறுவருசம் என்னையும் கூட்டிக்கொண்டு வாடி வாடியாகப் போனார். மீனவர்களைக் கூட்டி வைத்து, முழங்கால்வரை கடலில் இறங்கி, ஒரு சிரட்டையில் கடல் நீரை அள்ளி, "இது போதும். இது எப்போதும் போதும்" என்று காட்டினார். அங்கி நனைந்ததைக் கண்டு பொடியள் சிரித்தார்கள். அவர் மறுபடியும் அள்ளிக் காட்டினார்.

பிறகு மலேரியாக் காய்ச்சல் வந்தது. கட்டுக்கரைக் குளப் பக்கம் தொடங்கி எங்கள் கரைவரை அரித்துக்கொண்டு வந்து, வீட்டுக்கு வீடு ஆள் எடுத்தது. சேமக்காலையில் இடம் இல்லாமற்போயிற்று. பெருப்பிக்கவேண்டும் என்று ஊர்க்கூட்டம் கூடியது. கிழக்கே நல்ல கெட்டி நிலம், கோயில் காணி, ஒரு தடையும் இல்லை. மூப்பர்மார் எல்லாரும் கிழக்கு என்றார்கள். சுவாமி மட்டும், "கடற்பக்கம்" என்றார்.

"சுவாமி, அது மணல் சரியிற பக்கம். மதில் நிக்காது," என்றார் பெரிய மூப்பர்.

"ஆழமாக அத்திவாரம் போடுங்கள்."

"ஏன் சுவாமி அந்தப் பக்கம்?"

சுவாமி கடற்பக்கத்து மதிலை நோக்கி நடந்தார். எனக்கு விளங்கியது. மூப்பருக்கும் விளங்கியிருக்கும், அத்திவாரம் எவ்வளவு ஆழம் என்றுமட்டும் கேட்டார்.

பழைய மதிலை உடைத்து முருகைக்கல்லைப் புது மதிலுக்குக் கொண்டுபோக, வீட்டுக்கு ஓர் ஆள் முறைவைத்து வரவேண்டும். அது ஊர்க் கடமை; கோயிலுக்கு வராதவரும் அதற்கு வருவார்கள். இராயப்பு தன் முறைக்குக் கல் பெயர்க்கிற அலவாங்கோடு வந்தான். எந்த மதில் என்று காட்டினேன். அலவாங்கை ஊன்றியபடி நின்றான்.

"ஆர் சொன்னது இந்தப் பக்கம் எண்டு?"

"சுவாமி."

முதற்கல்லைக் கிளப்பினான். அன்று முழுதும் வேலை செய்தான். அடுத்த நாள் அவன் முறையில்லை, வந்தான். மதில் எழும்பி முடியுமட்டும் ஒவ்வொரு நாளும் வந்தான். வேலைக்காரர் ஒருவர் பகிடியாக, "என்ன இராயப்பு, கோயில்ல சம்பளம் போட்டிட்டினமோ?" என்று கேட்டதற்கு அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

புது நிலத்தை மந்திரிக்க யாழ்ப்பாணத்திலிருந்து பிஷப் ஆண்டவரின் பேரால் ஒரு பெரிய குருவானவர் வந்தார். ஊர் முழுதும் கூடி நின்றது. இராயப்பு புது மதிலுக்கு அப்பால், வெளியே நின்றான். மந்திரிக்குமுன் கேட்கவேண்டிய கேள்வியைப் பெரிய குருவானவர் எங்கள் சுவாமியைக் கேட்டார். தமிழிலேயே கேட்டார், ஊருக்கும் கேட்கட்டும் என்று.

"இந்த நிலத்தில் முன்னர் அடக்கம் ஏதும் உண்டா?"

"உண்டு," என்றார் சுவாமி.

"யார்?"

"இந்தப் பங்கின் பிள்ளைகள்."

"ஞானஸ்நானம் பெற்றவர்களா?"

இல்லை என்றால் தோண்டி எடுத்து அப்புறப்படுத்தவேண்டும். ஓம் என்றால் பொய். சுவாமி பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஒரு பிள்ளைக்கு," என்றார் சுவாமி, "அதன் தகப்பன் தன்னிடம் இருந்ததில் ஆக நல்லதை ஊற்றினார். அது போதாது என்று நான்தான் சொன்னேன். சொல்லத்தான் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பூசையிலும் அந்தப் பிள்ளையைப்பற்றிச் சர்வேசுரனிடம் கேட்டுவருகிறேன். இன்னும் மறுமொழி வரவில்லை. மறுமொழி வருமட்டும் பிள்ளைகள் உள்ளே கிடக்கட்டும்."

பெரிய குருவானவர் அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து தீர்த்தச் செம்பை எடுத்துக்கொண்டு, ஓரிடமும் விடாமல் தெளித்துக்கொண்டு நடந்தார்.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தன வரிசையில் கடைசி ஆளாக இராயப்பு நின்றான். என் வேலையைச் செய்யவேண்டுமே. பக்கத்தில் போய், ஆயத்தமா என்று கேட்டேன்.

"ஒரு பாவம்தான் இருக்கு, உபதேசியார். சர்வேசுரனோட கோவம். அது இன்னும் போகேல்லை. போகாமல் உள்ளுக்குப் போகலாமோ?"

பாவத்துக்கு வருந்துகிற மனஸ்தாபம் இல்லாமல் போகக்கூடாது என்பது பாடம். "அதையும் அப்பிடியே சொல்லும்," என்றேன்.

உள்ளே போனவன் வெகுநேரம் வரவில்லை. வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. நேரே நடந்துபோய், ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் என்று பாராமல், கடைசி வரிசையில் இருந்த மதலேனத்துக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தன் சேலைத் தலைப்பை இழுத்து அவனுக்கு இடம் விட்டாள். ஆண்கள் அந்தப் பக்கம் இருந்தால் எழுப்பி அனுப்புவது உபதேசியாரின் வேலை. நான் போகவில்லை.